பிரசவத்துக்குப் பின் விலகிய வயிற்றுத் தசை

இரண்டாவது பிரசவம் முடிந்து மாதங்கள் ஆகியும், படுக்கையிலிருந்து எழும்போதெல்லாம் வயிற்றின் நடுவே நீளமாக ஒரு மேடு புடைத்தது. குடலிறக்கம் இல்லை என்றார் டாக்டர். விலா எலும்பிலிருந்து இடுப்பெலும்பு வரை இறங்கும் இரண்டு ரெக்டஸ் தசைகளை நடுவில் இணைப்பது லீனியா ஆல்பா என்ற நார்ப்பட்டை. கர்ப்பத்தில் அது இழுபட்டு அகன்றுவிடுகிறது. எனக்குத் தொப்புளருகே இரண்டு தசைகளுக்கும் நடுவே மூன்று விரல் நுழையும் அளவு இடைவெளி இருந்தது.

பிசியோதெரபிஸ்ட் கவனித்தது வயிற்றுத் தசைகள் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் டிரான்ஸ்வெர்சஸ் தசையை. அதன் நார்கள் குறுக்கே ஓடி, வயிற்றைப் பெல்ட் போலச் சுற்றி இறுக்குகின்றன. மல்லாந்து, முழங்காலை மடக்கி, மூச்சை விட்டபடி அடிவயிற்றை மெல்ல உள்ளிழுக்க வேண்டும். அப்புறம் குதிகாலைத் தரையில் நகர்த்தியபடி காலை ஒவ்வொன்றாக நீட்டி மடக்க வேண்டும். பார்ப்பவர்களுக்குச் சும்மா படுத்திருப்பது மாதிரிதான் தெரியும்! எழும்போது ஒருக்களித்து, கையை ஊன்றி எழுந்தேன். ஒரு விரல் இடைவெளி இன்னும் இருக்கிறது. ஆனால் மேடு புடைப்பதில்லை, முதுகுவலியும் குறைந்துவிட்டது.