அடிவாரச் சுற்றுக்கு முன் டயரைக் கவனியுங்கள்

ஈசிஆர் தார்ச்சாலைக்காக மலை சைக்கிளில் அடித்த 45 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) காற்றோடு செங்கல்பட்டுப் பக்கத்துக் குன்றுகளில் ஏறினால் சரளையில் டயர் பிடிக்காது. 2.25 அங்குல டயர், உள்ளே ட்யூப், 70 கிலோ ஆள் என்றால் முன்னால் 28, பின்னால் 30 போதும். இன்னும் குறைத்தால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே ட்யூப் நசுங்கும். அருகருகே இரண்டு ஓட்டை இருந்தால் காரணம் இதுதான். பாவம், முள்ளைத் திட்டாதீர்கள்.

ஏற்றத்தில் மூச்சு வாங்குமுன்பே கியரைக் குறையுங்கள். மிதிக்கும் பாரத்தோடு மாற்றினால் செயின் அறுந்துபோகலாம். சீட் நுனியில் உட்கார்ந்தால் முன்சக்கரம் தூக்காது.

இறக்கத்துக்குச் சீட்டை 5 செ.மீ. தாழ்த்தி, எழுந்து நின்று, பெடல்களைச் சமமட்டத்தில் வையுங்கள். பிரேக்கை வளைவுக்கு முன்பே பிடித்து வேகத்தைக் குறையுங்கள். வளைவுக்குள் முன்பிரேக்கைத் தொட்டால் சக்கரம் சறுக்கிவிடலாம். தண்ணீர் 3 லிட்டர். காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள்.