உலை வைக்கும் முன் ஒரு பிடி

அரிசி களையும் முன், அளந்து எடுத்ததிலிருந்து ஒரு பிடியைத் தனி டப்பாவில் போட்டுவிடுங்கள். மாதக் கடைசியில் அந்த அரிசியைச் சிரமப்படும் அண்டை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். அவர்கள் எந்த மதமென்று பார்க்க வேண்டாம்.

ஒரு பிடி சுமார் 50 கிராம். இரண்டு வேளை சமைத்தால் மாதம் 3 கிலோ. மொத்தமாக வாங்கிக் கொடுக்கக் கை தயங்கும், ஆனால் உலையில் ஒரு பிடி குறைந்தது யாருக்கும் தெரியாது. மிசோரத்தின் பிரஸ்பிட்டேரியன் என்ற கிறிஸ்தவ சபைப் பெண்கள் 1910-லிருந்து இப்படிப் பிடி அரிசி சேர்த்தே ஊழியங்களைத் தாங்கி வருகிறார்கள். "உங்களுக்காக ஜெபிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு திரும்புவதைவிட, அரிசியோடு போய் உட்கார்ந்து ஜெபிப்பது எவ்வளவோ மேல். டப்பாவில் போடுவதைப் பிள்ளைகளிடம் விடுங்கள், ஒரு நாளும் மறக்க மாட்டார்கள்.

பச்சரிசியையும் புழுங்கலையும் கலக்காதீர்கள்; ஒன்று வேகுமுன் மற்றது குழைந்துவிடும். நாலு காய்ந்த மிளகாய் போட்டு வைத்தால் வண்டு அவ்வளவாக அண்டாது.

ரேஷன் அரிசியே போதுமான அளவு வரும் வீட்டுக்கு இது உதவாது. அங்கே முட்டுப்பாடு துவரம்பருப்புக்கும் எண்ணெய்க்கும்தான். அந்த 3 கிலோவின் விலைக்கு அவற்றை வாங்கிக் கொடுங்கள். கொடுப்பதைப் பக்கத்து வீட்டார் பார்த்தால் பார்க்கட்டும், ஆனால் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போடாதீர்கள். வாங்கியவர் மறுநாள் தெருவில் தலைநிமிர்ந்து நடக்க வேண்டும்.