'ச்சுத்': ரஷ்ய மொழியின் பொடிச் சொல்லைப் பிடித்துக்கொள்வது எப்படி

ரஷ்யன் படிக்க ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே 'ச்சுத்-ச்சுத்' வந்துவிடும், பக்கத்தில் 'கொஞ்சம்' என்று எழுதிக்கொண்டு எல்லோரும் நகர்ந்துவிடுவார்கள். அப்புறம் ஒருநாள் யாராவது 'ச்சுத் நெ உப்பால்' என்பார். 'உப்பால்' என்றால் விழுந்தேன், 'நெ' என்றால் இல்லை. 'கொஞ்சம் விழவில்லை' என்று ஒரு அர்த்தமில்லாத வாக்கியம்தான் கையில் மிஞ்சும். அதனால் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்: இந்தச் சொல்லைத் தனியாகப் பார்க்காதீர்கள், அதை ஒட்டி அடுத்து என்ன நிற்கிறது என்று பாருங்கள்.

முதலில் உச்சரிப்பு. 'பச்சை'யில் வருகிற அழுத்தமான ச்ச. கடைசியில் 'ட்' கிடையாது, பல்லில் நாக்கு படுகிற நம் 'த்'தான், ஆனால் முடிக்கும்போது நாக்கின் நடுப்பகுதி 'ய்' சொல்லப்போவதுபோல மேலே எழும்ப வேண்டும், இதைக் காட்டத்தான் எழுத்தில் கடைசியாக ஒரு மென்குறி போடுகிறார்கள்.

அடுத்து ஒப்பீட்டுச் சொல் வந்தால் வேலை சுலபம். 'ச்சுத் லூச்ஷெ' என்றால் முன்னைக்கு இப்போது கொஞ்சம் பரவாயில்லை, 'ச்சுத் போஸ்ஜெ' என்றால் கொஞ்சம் கழித்து (எவ்வளவு கழித்து என்று கேட்டுப் பயனில்லை). ஆனால் அதே இடத்தில் சாதாரணப் பெயரடை வந்தால் தொனி மாறிவிடும். 'ச்சுத் த்யோப்லி சாய்' என்று ஒருவர் சொன்னால், டீ இதமாக இருக்கிறது என்று பாராட்டவில்லை, பேருக்குத்தான் சூடு என்று குறைப்படுகிறார்.

சரி, 'ச்சுத் நெ'வுக்கு வருவோம், எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான். இறந்தகால வினை கூட வந்தால் நம் 'விழப் பார்த்தேன்' தான் இது. அதாவது விழவில்லை, ஆனால் விழுவதற்கும் விழாததற்கும் நடுவே இருந்த இடைவெளி அவ்வளவு சின்னது. 'நெ'யைத் தனியாக மொழிபெயர்க்கவே கூடாது. மனப்பாடம் செய்ய வேண்டுமானால் 'ச்சுத் நெ ஸபில்' நல்லது, 'அட, மறக்கப் பார்த்தேனே' என்று பேச்சின் நடுவே எதையாவது சொருகத் தினமும் உதவும். பெண் சொன்னால் 'ஸபிலா'. 'கிட்டத்தட்ட செய்துவிட்டேன்' என்கிற சால்ஜாப்பு எடுபடாத நேரத்துக்கென்று அவர்களிடம் ஒரு வசனமும் உண்டு: 'ச்சுத்-ச்சுத் நெ ஷிதாயெத்ஸா', மயிரிழையில் தவறினாலும் தவறியது தவறியதுதான், கணக்கில் வராது.

நடுவே ஒரு 'லி' நுழைந்தால் கதை வேறு. 'லி' என்பது நம் 'வந்தானா'வில் இருக்கிற 'ஆ' செய்யும் வேலையைச் செய்கிற துணுக்கு, அது வந்தாலே சந்தேகம் கூடவே வரும். 'ச்சுத் லி நெ காஜ்தி த்யேன்' என்றால் கிட்டத்தட்ட தினமும் என்றே வைத்துக்கொள்ளுங்களேன், எண்ணிப் பார்க்கவில்லை என்று அர்த்தம். கொஞ்சம் மிகைப்படுத்துகிற ஆட்களுக்கு ரொம்பப் பிடித்த தொடர்.

இன்னும் இரண்டை அப்படியே முழுசாக விழுங்கிவிடுங்கள். 'ச்சுத் ஸ்வெத்', நேராகப் பார்த்தால் 'சற்றே வெளிச்சம்', நம் கருக்கல் நேரம். 'ச்சுத் ஷ்தோ' என்பது தொட்டதற்கெல்லாம்: 'ச்சுத் ஷ்தோ, ப்ளாச்செத்', தொட்டதற்கெல்லாம் அழுவாள். ஊருக்குக் கிளம்புகிறவரிடம் 'ச்சுத் ஷ்தோ, ஸ்வனீ' என்றால் ஏதாவது ஒன்று என்றால் உடனே போன் போடு என்று பொருள்.

இத்தனையும் எங்கிருந்து வந்தது? 'ச்சுத்' முதலில் அளவைச் சொன்ன சொல்லே இல்லை, வினைச்சொல். பழைய ஸ்லாவிய 'ச்சூதி' என்றால் உணர்தல், புலன்களால் அறிதல். உக்ரைனில் இன்றும் 'ச்சூத்தி' என்றால் கேட்பது, போனில் 'தெபே நெ ச்சூத்தி' என்றால் உன் குரல் கேட்கவில்லை. போலந்துக்காரர் மூக்கைச் சுளித்து 'ச்சுச் காஸ்' என்றால் கேஸ் நாற்றம் அடிக்கிறது. இந்த இரண்டையும் கவனியுங்கள், யார் உணர்கிறார் என்பதே வாக்கியத்தில் இல்லை, வினையின் மூல வடிவம் மட்டும் தனியாக நின்று 'தெரிகிறது, கேட்கிறது' என்று பொருள் தருகிறது. ரஷ்ய மொழியிலும் அப்படித்தான் இருந்தது. 'உணர முடிகிறது' என்பது 'உணர மட்டுமே முடிகிறது' ஆகி, பிறகு 'அரைகுறையாக', 'சற்றே' என்று தேய்ந்துவிட்டது. பழைய பொருள் உறவுக்காரச் சொற்களில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது: 'ச்சூஸ்த்வொ' உணர்ச்சி, 'ச்சுத்யோ' நாயின் மோப்பம், 'ச்சூத்கி' பிறர் மனதறிந்து நடப்பவர். இன்னும் பின்னால் போனால் சமஸ்கிருதத்தின் 'கவி'யும் இதே இந்தோ-ஐரோப்பிய வேரில் முளைத்தது என்கிறார்கள் சொற்பிறப்பு ஆய்வாளர்கள். கவி என்றால் முதலில் ஞானி, பிறர் காணாததைக் காண்பவன், பாட்டு எழுதுவது அப்புறம் வந்தது.

முன்னால் 'நி' சேர்த்து 'நிச்சூத்' என்றால் துளிகூட இல்லை. நீண்ட நடைக்குப் பிறகு 'உஸ்தால்?', களைத்துவிட்டாயா, என்று கேட்பார்கள். 'நிச்சூத்!' என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லலாம், கால் வலி உயிரை எடுத்தாலும்.