கைடு எழுதிய குறிப்புகளை எப்படிப் படிப்பது?

கோலார் தங்கவயல் சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களைப் பற்றிப் பெங்களூரில் பிஎச்.டி. செய்கிறேன். ஆய்வேட்டின் முதல் இயல் கைடிடமிருந்து (ஆய்வு வழிகாட்டி) திரும்பி வந்தபோது வேர்ட் கோப்பின் ஓரத்தில் 63 குறிப்புகள். அல்சூர் ஏரிக்கரையில் உட்கார்ந்து எண்ணினேன்.

முதல் நாள் படித்துவிட்டு மூடி வையுங்கள், அவ்வளவுதான். அன்றைக்கே கை வைத்தால் எல்லாவற்றையும் அழித்துவிடத் தோன்றும், இல்லையென்றால் ஒவ்வொன்றுக்கும் எதிர்வாதம் எழுதத் தோன்றும். நான் இரண்டையும் செய்திருக்கிறேன்.

மறுநாள் எக்செல்லில் ஒரு தாள் திறந்துகொள்ளுங்கள். பக்கம், குறிப்பு, அவர் என்ன கேட்கிறார், நான் என்ன செய்தேன் என்று நான்கு பத்தி. மூன்றாவதை உங்கள் சொந்தச் சொல்லில் நிரப்புங்கள். நிரப்ப வரவில்லையா? குறிப்பு இன்னும் புரியவில்லை, போய்க் கேட்டுவிடுங்கள்.

அப்புறம் வாதத்தைப் பற்றிய குறிப்புகளை முதலில் எடுங்கள். எழுத்துப்பிழை, மேற்கோள் வடிவமெல்லாம் கடைசியில். பார்த்துப் பார்த்துக் காற்புள்ளி வைத்த பாராவே பிறகு தூக்கப்படலாம்.

ஒன்றைக் காட்டுகிறேன். “சுரங்கம் மூடப்பட்டதால் தமிழர்கள் பெரிதும் பாதிக்கப்பட்டனர்” என்று எழுதியிருந்தேன். பக்கத்தில் கைடு மேடம் எழுதியது இரண்டே சொல்: “யார் சொன்னது?” முதலில் கோபம்தான் வந்தது, ஊருக்கே தெரிந்த விஷயமாயிற்றே! மூன்றாவது பத்தியை நிரப்பும்போதுதான் உறைத்தது: அவர் மறுக்கவில்லை, சான்று கேட்கிறார். திருத்தியது இப்படி: “2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் தன் இரு மகன்களும் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வரத் தொடங்கியதாக ஒரு முன்னாள் தொழிலாளி நேர்காணலில் கூறினார்.”

தாளை முழுதாகப் பார்த்தால் 63-இல் 19 இதே கேள்விதான், வேறு வேறு வார்த்தையில். அதாவது சான்றில்லாமல் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவது என் பழக்கம். உங்களுக்கும் அப்படி ஒன்று இருக்கும். கண்டுபிடித்து, அடுத்த இயலைக் கொடுக்கும் முன் அதற்காக மட்டும் ஒருமுறை படியுங்கள்.

கைடு சொன்னது தவறு என்று பட்டால்? பேசாமல் விட்டுவிடாதீர்கள். நான்காவது பத்தியில் “மாற்றவில்லை, காரணம் இது” என்று ஆதாரத்தோடு எழுதுங்கள். சந்திப்பு முடிந்த அன்றே, பேசி முடிவானதை நாலு வரியில் மெயில் அனுப்பிவிடுங்கள். போன மாதம் சேர்க்கச் சொன்னதை இந்த மாதம் எடுக்கச் சொல்வதும் நடக்கும். யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதிகளின்படி ஒவ்வொரு செமஸ்டரும் ஆய்வு ஆலோசனைக் குழு முன் முன்னேற்றத்தைச் சொல்ல வேண்டும். அங்கேயும் இந்தத் தாள்தான் எனக்குக் கைகொடுத்தது.

இரண்டாம் இயலில் “யார் சொன்னது?” மூன்றே இடத்தில். பதிலுக்கு மேடம் புதிதாக ஒன்றைப் பிடித்திருக்கிறார்: “மூச்சு விடு. வாக்கியம் ஆறு வரி.”