இங்கிலாந்து பழைய கிராமத்து சர்ச்சுக்குள்ள போனா இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

இங்கிலாந்து போறவங்க பெரிய கதீட்ரல்களைத் தேடிப் போய்ப் பாக்கறாங்க, நல்லதுதான், ஆனா கிராமத்துக்குக் கிராமம் நிக்கற இடைக்காலத்துப் பங்குக் கோயில்களை, அதாவது அந்தந்த ஊர் ஜனங்களோட சர்ச்சுகளை, யாரும் கண்டுக்கறதில்ல. தப்பித் தவறி உள்ள போறவங்களும் போர்டுல இருக்கற வருஷத்தைப் படிச்சுட்டு, யாரோ சொன்ன ஒரு கதையைக் கேட்டுட்டு, நாலு போட்டோ எடுத்துட்டுக் கெளம்பிடறாங்க. எனக்கு இது மனசு ஆறவே மாட்டேங்குது, ஏன்னா அந்தக் கதைகள்ல நெறைய தப்பு, உண்மையான விஷயம் அதைவிட சுவாரசியம். கிழக்கு இங்கிலாந்துல இருக்கற சஃபோக் மாவட்டத்துல பிளைத்பரோன்னு ஒரு சின்ன ஊர், சதுப்பு நிலத்து ஓரமா இருக்கு, அங்க இருக்கற ஹோலி டிரினிட்டி சர்ச்சை வெச்சே சொல்றேன்.

முதல் தப்பு, "இது எந்த வருஷம் கட்டினது?"ன்னு கேட்டு ஒரே ஒரு பதில் எதிர்பாக்கறது. தாத்தா கட்டின வீட்டுக்கு அப்பா மாடி எடுத்து, பையன் முன்னாடி போர்டிகோ போட்ட மாதிரிதான் இந்தக் கோயில்கள் எல்லாம். பிளைத்பரோவுல மணிக்கூண்டு 14-ம் நூற்றாண்டு, மத்ததெல்லாம் பெரும்பாலும் 15-ம் நூற்றாண்டு. பீடம் இருக்கற கிழக்குப் பக்கத்தைப் புதுசாக் கட்டிக்க அங்க இருந்த அகஸ்தீன் மடத்துக்கு 1412-ல ராஜா அனுமதி குடுத்தார். இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, அந்தக் காலத்து வழக்கப்படி பீடப் பகுதியைப் பராமரிக்கறது பங்கோட வருமானம் வாங்கறவங்க பொறுப்பு, அது பாதிரியாராவும் இருக்கலாம் மடமாவும் இருக்கலாம், ஜனங்க நிக்கற பகுதி ஜனங்களோட பொறுப்பு. அதனாலதான் நெறைய சர்ச்சுல ஒரு பக்கம் ஜொலிக்கும், இன்னொரு பக்கம் சுமாரா இருக்கும், கல்லு மாறும், கூரை உயரம் மாறும், சில இடத்துல பீடப் பகுதி லேசாக் கோணலாவே நிக்கும். சிலுவையில இயேசு தலை சாய்ஞ்சதைக் காட்டத்தான் அப்படிக் கட்டினாங்கன்னு சொல்லுவாங்க, நம்பிடாதீங்க, வேற வேற காலத்துல வேற வேற ஆளு அளவெடுத்துக் கட்டினா கோணல் வரத்தான் செய்யும்.

ஜன்னலை மட்டும் பாத்துட்டு சுவருக்கும் அதே வயசு சொல்றதும் இதே தப்புதான். நார்மன், இயர்லி இங்கிலிஷ், டெக்கரேட்டட், பெர்பென்டிகுலர்ன்னு கட்டடப் பாணிகளுக்கு நாலு பேர் சொல்றோமே, அதெல்லாம் கட்டினவங்க வெச்ச பேர் கெடையாது, தாமஸ் ரிக்மன்ங்கற கட்டடக்கலைஞர் 1817-ல போட்ட வகைப்பாடு. பழைய சுவரை ஒடைச்சு புது ஜன்னல் வெக்கறது அப்ப சர்வ சாதாரணம். ஜன்னலைச் சுத்தி இருக்கற கல்லு சுவரோட சேந்து வந்திருக்கா இல்ல நடுவுல வெட்டிச் சொருகின மாதிரி இருக்கான்னு பாருங்க, அடைச்ச வளைவு ஏதாவது தெரியுதான்னும் பாருங்க. 19-ம் நூற்றாண்டுல விக்டோரியா காலத்து ஆளுங்க "பழையபடி ஆக்கறோம்"ன்னு சொல்லிப் புதுசா வெட்டி வெச்ச கல்லும் ஏராளம். அந்த வேலை எல்லை மீறிப் போனதைப் பாத்துத்தான் எழுத்தாளரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸ் 1877-ல பழைய கட்டடங்களைக் காப்பாத்த ஒரு சங்கமே ஆரம்பிச்சார். 1881-ல பிளைத்பரோ சர்ச் ஆபத்தான நிலையில இருக்குன்னு மூடினப்ப, அதை எப்படி ரிப்பேர் பண்றதுன்னு அந்தச் சங்கத்தோட பெரிய சண்டையே நடந்துச்சு. இன்னிக்கு உள்ள போனா பழைய மரம் பழைய மரமாவே தெரியுதுன்னா அதுக்கு அந்தச் சங்கத்தோட பிடிவாதமும் ஒரு காரணம்.

இவ்ளோ பெரிய கோயில் இருக்கே, அப்ப இவ்ளோ ஜனம் இருந்திருப்பாங்கன்னு கணக்குப் போடாதீங்க. கோயிலோட அளவு தலை எண்ணிக்கையைக் காட்டாது, பணத்தையும் பயத்தையும் காட்டும். செத்ததுக்கு அப்புறம் உத்தரிக்கிற ஸ்தலத்துல கெடந்து வேகற காலம் கொறையணும்னா உயிரோட இருக்கறவங்க நமக்காக ஜெபிக்கணும், அதுக்கு உயில்ல கோயிலுக்கு எழுதி வெச்சாங்க. அதே சஃபோக்ல லாங் மெல்ஃபோர்டு சர்ச்சுல, துணி வியாபாரத்துல சம்பாதிச்சவங்க தங்களுக்காக ஜெபிக்கச் சொல்லி வெளிச்சுவர்லயே பேரைப் பொறிச்சு வெச்சிருக்காங்க.

இப்ப பிளைத்பரோவோட சம்மனசுகளுக்கு, அதாவது தேவதூதர் சிலைகளுக்கு வருவோம். கூரை நடுவுல நீளத்துக்கும் மரத்துல செஞ்ச சம்மனசுகள், ரெண்டு பக்கமும் றெக்கையை விரிச்சு, பழைய சிவப்பும் பச்சையும் மங்கலா இன்னும் ஒட்டிட்டு இருக்கு. றெக்கையில ஓட்டை ஓட்டையா இருக்கும். 1644-ல, சர்ச்சுகள்ல இருக்கற சிலை, ஓவியங்களை அழிக்க பார்லிமென்ட் தரப்பு அனுப்பின வில்லியம் டௌசிங்கோட ஆளுங்க துப்பாக்கியால சுட்டாங்கன்னு ரொம்ப நாளா சொல்லிட்டு இருந்தாங்க. டௌசிங் வந்தது நெஜம், அந்த வருஷம் ஏப்ரல் 9-ந்தேதி வந்து 20 கெருபீன்களை (றெக்கை வெச்ச சம்மனசுகளை) எறக்கணும்னு உத்தரவு போட்டதை அவரே குறிச்சு வெச்சிருக்கார். ஆனா 1970-கள்ல கூரை வேலை நடந்தப்ப மரத்துல கெடச்ச ஈயக் குண்டுங்க அவர் காலத்துது இல்ல, 18-ம் நூற்றாண்டுது. கோயில் கணக்கு நோட்டுலயே அந்த நூற்றாண்டுல காக்கா இனத்துப் பறவைங்களைச் சுட வெடிமருந்துக்கும் குண்டுக்கும் காசு குடுத்த வரவு செலவு இருக்கு. அதாவது கோயில்காரங்களே கோயிலுக்குள்ள பறவை சுட்டிருக்காங்க, பழி மட்டும் டௌசிங் மேல போயிடுச்சு.

வடக்குக் கதவுல இருக்கற கருகின தடமும் இப்படித்தான். 1577 ஆகஸ்ட் 4 புயல்ல மணிக்கூண்டு மேல இருந்த கூம்பு இடிஞ்சு கூரை வழியா உள்ள விழுந்து ஆளுங்க செத்தது நடந்த விஷயம், அன்னிக்குக் கறுப்பு நாய் ரூபத்துல பிசாசு வந்து கதவைப் பிராண்டிச்சுங்கறது கதை. இதே மாதிரி தீத்துளி வடிவத் தடங்கள் பழைய வீட்டு உத்தரங்கள்லயும் இருக்கு, மெழுகுவத்தியைப் பிடிச்சு வேணும்னே சுட்டது, தீயில இருந்து காப்பாத்தும்ங்கற நம்பிக்கையில செஞ்சிருக்கலாம்னு ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க.

வெள்ளைச் சுவரைப் பாத்து "அடடா எவ்ளோ எளிமை"ன்னு உருகறது எனக்குத் தெரிஞ்சு ரொம்பப் பெரிய தப்பு. 16-ம் நூற்றாண்டுல இங்கிலாந்து சர்ச் கத்தோலிக்கத்தை விட்டு மாறின மதச் சீர்திருத்தத்துக்கு முன்னாடி உள்ள பூரா கலர். பக்கத்துலயே வென்ஹாஸ்டன் சர்ச்சுல 1892-ல ரிப்பேர் பண்ணும்போது வெள்ளையடிச்ச பழைய பலகைகளைக் கழட்டி வெளிய கல்லறைத் தோட்டத்துல போட்டாங்க, ராத்திரி மழை பெஞ்சு சுண்ணாம்பு கரைஞ்சு, காலையில பாத்தா கடைசித் தீர்ப்பு ஓவியம்! மிக்கேல் சம்மனசு தராசோட நிக்கறார், ராயப்பர் (பேதுரு) மோட்சத்துக்கு ஆள் எடுக்கறார், வர்றவங்க ஒடம்புல துணி இல்ல, ஆனா ராஜா தலையில கிரீடம், ஆயர் (பிஷப்) தலையில அவர் தொப்பி. நடுவுல ஓவியமே இல்லாத வெறும் உருவ வடிவங்கள், அங்கதான் சிலுவையில தொங்கற இயேசு சிலையும் மாதா, அருளப்பர் (யோவான்) சிலையும் பொருத்தி இருந்துச்சு. அதைக் கழட்டி எறிஞ்ச வேகம் அந்த வெத்து எடத்துலயே தெரியும்.

கீழ ஓரமா இருக்கற சின்ன ஜன்னல் தொழுநோயாளிகளுக்காக வெச்சதுன்னு சொன்னா தலையாட்டாதீங்க, அது பிற்காலத்து ஊகம், பூசை நேரத்துல வெளிய கேக்க மணியடிக்க வெச்சிருக்க வாய்ப்பு அதிகம். கால் மேல கால் போட்டுப் படுத்திருக்கற வீரர் சிலை எல்லாம் சிலுவைப் போருக்குப் போனவங்களோடதுன்னு அர்த்தம் இல்ல, அது அப்ப இருந்த சிற்ப ஸ்டைல்.

கடைசியா, இதையெல்லாம் அரசாங்கம் பாத்துக்கும்னு நெனைக்காதீங்க. கூரை ஒழுகினா அந்த ஊர்ல இருக்கற கொஞ்ச ஜனம்தான் காசு தேத்தணும், கூரை ஈயத்தைத் திருடிட்டுப் போற கூட்டம் வேற இருக்கு. நுழைவுக் கட்டணம் பெரும்பாலும் கெடையாது, வெளிய வரும்போது உண்டியல்ல ஏதாவது போட்டுட்டு வாங்க, கூரையைப் பாக்க பைனாகுலர் எடுத்துட்டுப் போங்க.