ஷொட்கிரீட் வலிமைச் சோதனை: கியூப் பாஸ் என்றால் சுவரும் பாஸா?

மேல் கொத்மலை, உமா ஓயா என்று மலையைக் குடைந்த திட்டங்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இப்போது சைட்டுக்கு வருகிறார்கள். கெட்டிக்காரர்கள். ஆனாலும் ஷொட்கிரீட்டின், அதாவது காற்றழுத்தத்தால் பாறையில் அடிக்கும் கொங்கிரீட்டின், வலிமையைச் சோதிப்பதில் நாங்கள் புதிதில் விட்ட அதே பிழைகளைத்தான் விடுகிறார்கள். எல்லோருக்கும் தெரிந்த சில்லறைப் பிழைகளை விட்டுவிடுகிறேன்.

லொறியில் கியூப் எடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பது

இதைப் பார்த்தால் இன்றும் கோபம் வரும். மிக்சர் லொறியில் வந்த கலவையை அச்சில் வார்த்து, கனசதுரக் கட்டியாகக் கியூப் போட்டு, 28ஆம் நாள் நசுக்கிப் பார்த்து, சுவர் பாஸ் என்று ரிப்போர்ட் எழுதுகிறார்கள். அந்தக் கியூப்பில் அக்சிலரேட்டர், அதாவது கலவையைச் சீக்கிரம் இறுக வைக்கும் மருந்து, இல்லை. அது அடிக்கும் குழாயின் முனையான நொசிலில்தான் சேர்கிறது. கலவை காற்றின் வேகத்தில் பாறையில் மோதி இறுகவுமில்லை. அடிக்கும்போது தெறித்து விழும் சல்லி கியூப்பில் அப்படியே இருக்கிறது. கலவை நல்லதா என்பதற்கு மேல் கியூப்பால் எதுவும் சொல்ல முடியாது.

தண்ணீர் கசியும் இடத்தில் ஒட்டவில்லை என்றால் நொசில்காரர் அக்சிலரேட்டரைக் கூட்டுவார். உடனே பிடிக்கும். அளவு மிஞ்சினால் 28 நாள் வலிமை இறங்கும். ஒரு சைட்டில் கியூப் எல்லாம் பாஸ். சந்தேகப்பட்டுச் சுவரைத் துளைத்து உருளைத் துண்டாகக் கோர் எடுத்தோம். துண்டின் நடுவே ஒரு மணல் பட்டை, நகத்தால் சுரண்டவே உதிர்ந்தது. தெறித்து விழுந்ததை அகற்றாமல் அதன் மேலேயே அடித்திருக்கிறார்கள். அவ்வளவு நீளத்தையும் உடைத்துத் திரும்ப அடிக்க வேண்டி வந்தது.

பனலுக்கு, அதாவது சோதனைக்கென்று வைக்கும் தட்டையான பெட்டி அச்சுக்கு, அடித்து அதில் கோர் எடுங்கள். அதே நொசில்காரர், அதே மெஷின், அதே அக்சிலரேட்டர் அளவு, அதே தூரம். சந்தேகம் வந்தால் சுவரிலேயே கோர்.

பனலைத் தரையில் கிடத்துவது

தெறித்தது உள்ளேயே தங்கும். நிமிர்த்தி வையுங்கள்.

அன்றைக்கே லொறியில் ஏற்றுவது

தோட்டத்துப் பாதைக் குலுக்கலை இளம் கொங்கிரீட் தாங்காது. பனலை மறுநாள்வரை அசைக்க வேண்டாம். தலவாக்கலை இராக்குளிரில் வெளியே விடவும் வேண்டாம். உள்ளே இருக்கும் சுவரைவிட மெதுவாக இறுகி, வலிமையைக் குறைத்துக் காட்டும்.

கட்டைக் கோர்

கோரின் உயரமும் விட்டமும் சமமென்றால், நசுக்கி வந்த வலிமையை ஏஎஸ்டிஎம் சி42 என்ற சோதனைத் தரத்தின்படி 0.87ஆல் பெருக்குங்கள்.

எல்லா வயதுக்கும் ஊசி

புதிதாக அடித்ததில் ஊசியைக் குத்தி வலிமை பார்க்கும் ஊசி பெனட்ரோமீட்டர் சுமார் 1.2 மெகாபாஸ்கல் வரைக்கும்தான். 3 முதல் 16 வரை ஆணி அடித்து இழுக்கும் முறை. ஊசி சல்லியில் முட்டி நின்றால் அந்த வாசிப்பைத் தள்ளிவிட்டுப் பக்கத்தில் குத்துங்கள். புதிதாக அடித்த கூரைக்குக் கீழே ஆட்கள் நிற்கலாமா என்பதை இந்த எண்ணை வைத்துத்தான் முடிவெடுக்கிறோம். “சேர், ஆட்களை விடட்டா?” என்று ஃபோர்மன் கேட்க முதல் அது கையில் இருக்க வேண்டும்.