கால் சுளுக்கோடு தீம் பார்க், ஊட்டி: நான் செய்த தவறுகளை நீங்கள் செய்ய வேண்டாம்

ரூமுக்கு அட்வான்ஸ் கட்டியாயிற்று, இ-பாஸ் எடுத்தாயிற்று, பிள்ளைகள் காலண்டரில் நாளை எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் கால் மடங்கும். மாடிப்படியில் கடைசிப் படி முடிந்துவிட்டது என்று நினைத்துக் காலை வைத்தேன், இன்னும் ஒரு படி இருந்தது. எக்ஸ்ரேயில் முறிவு இல்லை, கணுக்காலில் ஜவ்வு பாதி கிழிந்திருக்கிறது என்றார் டாக்டர். அதிலிருந்து நாலாவது வாரம் டூர். திருப்பூரிலிருந்து மச்சான் குடும்பத்தோடு கிளம்பி, முதல் நாள் மலையடிவாரத்தில் ஒரு வாட்டர் தீம் பார்க், அடுத்த இரண்டு நாள் குன்னூரும் ஊட்டியும்.

"போகலாமா டாக்டர்?" என்று கேட்டேன். "போகலாம், பார்த்துப் போங்க" என்றார். முதல் தவறு அவர் பதிலில் இல்லை, என் கேள்வியில். இப்படிக் கேட்டால் யாராக இருந்தாலும் இப்படித்தான் சொல்வார்கள். ஒரே மூச்சில் எத்தனை நிமிடம் நடக்கலாம், எவ்வளவு நேரம் நிற்கலாம், படி ஏறலாமா, கணுக்காலில் மாட்டியிருக்கும் பிரேஸ் நனையலாமா, வலி வந்தால் எந்த மாத்திரை, ஒரு நாளைக்கு எத்தனை என்று தனித்தனியாகக் கேட்டிருக்க வேண்டும். மாவுக்கட்டு போட்டவர்களும் பிளேட் வைத்து ஆபரேஷன் ஆனவர்களும் இந்தக் கேள்விகளை எழுதிக்கொண்டு போய்க் கேட்பது நல்லது. அவர்கள் விஷயம் என் சுளுக்கு மாதிரி இல்லை, டூரைத் தள்ளிப்போடச் சொன்னால் தள்ளிப்போடத்தான் வேண்டும்.

பெரிய தவறு அடுத்தது. "எந்த ரைடும் போக மாட்டேன், சும்மா வந்து உட்கார்ந்துகொள்கிறேன்" என்று வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தேன், அதை நானே நம்பியும் விட்டேன். ரைடுகளைத்தான் எண்ணினேன், எடுத்து வைக்கப்போகிற அடிகளை எண்ணவில்லை. வண்டியை நிறுத்திய இடத்திலிருந்து கேட், டிக்கெட் வரிசை, பையைச் சோதிக்கிற வரிசை, லாக்கர், உடை மாற்றும் அறை, அங்கிருந்து சாப்பாட்டுக் கூடம் என்று ஒரு ரைடில்கூட ஏறாமலே காலை பதினொரு மணிக்குள் நன்றாக நடந்திருந்தேன். நடந்ததைவிட நின்றதுதான் மோசம். நடக்கும்போது கெண்டைக்கால் சதை ரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டாவது இருக்கும். வரிசையில் அசையாமல் நின்றால் எல்லாம் பாதத்தில் போய்த் தேங்கும். ஒரு மரத்தடியில் உட்கார்ந்து பிரேஸைக் கழற்றிப் பார்த்தேன். வார் இருந்த இடம் பள்ளமாகப் பதிந்து, அதன் இரண்டு பக்கமும் சதை இட்லி மாதிரி உப்பியிருந்தது. கட்டை விரலால் அமுக்கினால் குழி விழுந்து, அது நிரம்ப நிதானமாக நேரம் எடுத்துக்கொண்டது.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது பார்க்கின் ரைடு பட்டியலை அல்ல, வரைபடத்தை. சக்கர நாற்காலி கிடைக்குமா என்று முந்தின நாளே போன் செய்து கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. விடுமுறை நாளையும் ஞாயிறையும் தவிர்த்தாலே பாதி வரிசை குறைந்துவிடும். மணிக்கு ஒரு முறை பத்து நிமிடம் காலை நீட்டி, முடிந்தால் நெஞ்சு மட்டத்துக்கு மேலே தூக்கி வைக்க ஒரு இடம் வேண்டும். பெஞ்சில் உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டால் வீக்கத்துக்கு அது ஓய்வே இல்லை.

சரி, ரைடே போகக் கூடாதா? போகலாம், ஆனால் நாம் வேகத்தைப் பார்த்துப் பயப்படுகிறோம், கால் போய் எங்கே இடிக்கும் என்று பார்ப்பதில்லை. தண்ணீர்ச் சறுக்கலில் வழுக்கி வருவது சுகம்தான், ஆனால் கீழே குளத்தில் வந்து நிற்கும்போது முதலில் போய் ஊன்றுவது பாதம். அதற்கு முன்னால் ஈரமான படிக்கட்டில் அத்தனை உயரம் ஏறியாக வேண்டும். குழந்தை விளையாட்டு மாதிரித் தெரிகிற டாஷிங் காரில் கால் மிதியில் இருக்கும்போதே பின்னாலிருந்து ஒருவன் வந்து மோதுவான், அவன் அதற்குத்தான் காசு கொடுத்திருக்கிறான். அலைக் குளத்தில் அலை இழுக்கும்போது காலடியில் பிடிமானம் போய்விடும். கழுத்து, முதுகு, இதயம், சமீபத்திய ஆபரேஷன் என்று ரைடு வாசலில் எழுதியிருக்கும் பலகையைப் படித்துவிட்டு, ஏற்ற மாட்டேன் என்று ஊழியர் சொன்னால் சண்டை போடாமல் நகர்ந்துவிடுங்கள். தையல் பிரிக்காதவர்களுக்கும் புண் முழுதாக ஆறாதவர்களுக்கும் குளமே வேண்டாம். மாவுக்கட்டின் மேல் பாலிதீன் பையைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டு இறங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் எப்படியும் உள்ளே போய்விடும், கட்டு ஊறித் தளர்ந்து, உள்ளே தோல் வெந்து, நாலு நாளில் நாற்றம் அடிக்க ஆரம்பிக்கும்.

நான் அவ்வளவு தூரம் போகவில்லை. குழந்தைகள் குளம், முழங்கால் ஆழம்தானே என்று ஓரமாக இறங்கி நின்றேன். மச்சான் மகன் "மாமா!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்து அந்தக் காலைத்தான் கட்டிப் பிடித்தான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. பிரேஸையும் கைத்தடியையும் பெஞ்சிலேயே வைத்துவிட்டு இறங்கியிருந்தேன், பார்க்கிறவர்களுக்கு நான் நல்ல காலோடு நிற்கிற ஆள். தடி ஊன்றுவதற்கு மட்டுமில்லை, எதிரில் வருகிறவர்களுக்கு அது ஒரு சிவப்பு விளக்கு. தேவைப்படாத நாளிலும் கையில் வைத்திருங்கள். அடியில் இருக்கும் ரப்பர் புஷ் தேய்ந்திருந்தால் கிளம்புவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள், ஈர டைல்ஸில் அது வழுக்கினால் தடி இல்லாமல் இருப்பதே மேல்.

மலை ஏறும்போது வேறு கதை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் போகிற வழியில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் உடம்பு சாயும்போது நம்மை அறியாமல் பாதத்தைத் தரையில் அழுத்திக்கொள்வோம், வண்டி ஓட்டுகிறவரோடு சேர்ந்து நாமும் பிரேக் போடுவோம். குன்னூர் வந்தபோது வலித்தது சுளுக்கு மட்டுமில்லை, முழுக் காலும்தான். காலை நீட்டி வைக்கிற மாதிரி பின் சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள், பர்லியாரில் நிறுத்தச் சொல்லி ஐந்து நிமிடம் இறங்குங்கள், சீசனாக இருந்தால் மங்குஸ்தான் கிடைக்கும். உட்கார்ந்திருக்கும்போதும் விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அடிபட்டு அசைவில்லாமல் இருக்கிற காலில் நீண்ட பயணத்தின்போது ரத்தம் கட்டிக்கொள்ளும் ஆபத்து கூடுதல். ஒரு காலின் கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சுடுவது, திடீரென்று மூச்சு வாங்குவது, கட்டுக்குக் கீழே விரல்கள் நீலம் பாய்வது அல்லது மரத்துப்போவது, இதெல்லாம் வந்தால் ரூமுக்குப் போய்ப் படுத்துப் பார்ப்போம் என்று இருக்கக் கூடாது. 108-ஐக் கூப்பிடுங்கள், ஊட்டியிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

மலை ரயில் ஆசை இருந்தால் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கிலோமீட்டரும் வேண்டாம். மேலே ஏறும்போது ஏறத்தாழ ஐந்து மணி நேரம், எதிர் சீட்டுக்காரர் முழங்காலோடு நம் முழங்கால் உரசும் இடம், காலை நீட்ட வழியில்லை. குன்னூரில் ஏறி ஊட்டியில் இறங்கினால் சுமார் ஒரு மணி நேரம்தான். பல் சக்கரப் பாதை குன்னூருக்குக் கீழேதான் என்பதால் அது கிடைக்காது, போகட்டும்.

ரூம் விஷயத்தில் நன்றாக ஏமாந்தேன். கிரவுண்ட் ஃப்ளோர் என்று கேட்டு வாங்கினேன். கிரவுண்ட் ஃப்ளோர்தான், ஆனால் அந்த கிரவுண்டு ரோட்டிலிருந்து 34 படி கீழே இருந்தது. மலைச் சரிவில் கட்டிய வீடுகள் அப்படித்தான் இருக்கும், கட்டியவர் மேல் தப்பில்லை. இங்கே மாடியைக் கேட்காதீர்கள், ரோட்டில் வண்டி நிற்கிற இடத்திலிருந்து கட்டில் வரை எத்தனை படி என்று கேளுங்கள், அதோடு வெஸ்டர்ன் டாய்லெட்டா என்றும்.

அந்த 34 படியில்தான் ஒன்று புரிந்தது. மலைக்கு வருகிற எல்லோரும் ஏற்றத்துக்குப் பயப்படுகிறோம், ஆனால் அடிபட்ட காலைப் படுத்துவது இறக்கம். இறங்கும்போது உடம்பின் எடை முழுவதையும் ஒரு கால் மெதுவாகக் கீழே விட வேண்டும், தொடைச் சதை இழுபட்டுக்கொண்டே தாங்க வேண்டும், கணுக்கால் நன்றாக முன்னோக்கி மடங்க வேண்டும். கிழிந்து ஆறிக்கொண்டிருக்கும் ஜவ்வுக்கும் வலியுள்ள முழங்காலுக்கும் இதெல்லாம் ஆகாது. குன்னூர் சிம்ஸ் பூங்கா பள்ளத்தாக்குச் சரிவில் இருக்கிறது, பூவைப் பார்த்துக்கொண்டே இறங்கிவிடுவோம், திரும்பி ஏற வேண்டுமே என்பது கீழே போன பிறகுதான் ஞாபகம் வரும். ஊட்டி ரோஜாப் பூங்காவும் அடுக்கடுக்காக இருப்பதுதான். மேலிருந்து பார்த்து போட்டோ எடுத்துக்கொண்டால் போதும் என்று நான் சொல்வேன், ரோஜாப் பிரியர்கள் திட்டலாம்.

படியில் ஒரு கணக்கு இருக்கிறது, பிசியோ சொல்லிக் கொடுத்தது: ஏறும்போது முதலில் நல்ல கால், இறங்கும்போது முதலில் தடியும் அடிபட்ட காலும். தடி எந்தக் கையில்? அடிபட்ட காலுக்கு எதிர்ப்பக்கக் கையில். முதல் இரண்டு வாரம் நான் வலது கால் வலிக்கு வலது கையிலேயே பிடித்துக்கொண்டு சினிமாவில் வருகிற ஜமீன்தார் மாதிரி சாய்ந்து நடந்தேன், கணுக்காலோடு இடுப்பும் பிடித்துக்கொண்டது.

குளிருக்கு ஒரு பங்கு உண்டு. காலையில் கால் மரக்கட்டை மாதிரி விறைத்துக் கிடக்கும், போர்வைக்குள்ளேயே பத்து இருபது முறை பாதத்தைச் சுழற்றிவிட்டு இறங்க வேண்டும். அப்புறம் தைலம். நீலகிரிக்கு வந்துவிட்டு நீலகிரித் தைலம் தேய்க்காமல் போனால் எப்படி என்று அத்தை ஒரு பாட்டில் வாங்கி வந்து, அழுத்தி நீவி, மேலே கிரேப் பேண்டேஜை இறுக்கிச் சுற்றிவிட்டார். தைலம் தோலில் ஒரு சூட்டு உணர்ச்சியைத் தரும், வலி கொஞ்சம் மறந்த மாதிரி இருக்கும், உள்ளே கிழிந்ததை ஒட்டவைக்காது. வீங்கிய இடத்தை அழுத்தி நீவினால் வீக்கம் கூடும். காற்றுப் புகாமல் கட்டியதில் விடிவதற்குள் தோல் சிவந்து கொப்புளம் கண்டிருந்தது. அத்தையிடம் சொல்லவில்லை, சாக்ஸ் போட்டு மறைத்துவிட்டேன்.

இன்னொரு குறுக்குவழி, காலையிலேயே வலி மாத்திரை போட்டுவிட்டு நாள் முழுக்கச் சுற்றுவது. டாக்டர் வேளை சொல்லிக் கொடுத்த மாத்திரையைப் போடத்தான் வேண்டும், நான் சொல்வது கூடுதலாக ஒன்று போட்டுக்கொண்டு வலியை அமுக்குவதை. போதும் என்று கால் சொல்வது நமக்குக் கேட்காமல் போய்விடும், ராத்திரிதான் பில் வரும். இப்யூப்ரோஃபென், டைக்ளோஃபினாக் மாதிரியானவற்றை வெறும் வயிற்றில் போட்டால் வயிறு வேறு எரியும். மாத்திரை போடத் தண்ணீரும் கையில் வேண்டும். நீலகிரியில் ஒரு முறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை, அதனால் வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டில் எடுத்து வாருங்கள்.

கடைசியாக, பை. தீம் பார்க்கில் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடத்திலிருந்து நான் பை காவலாளி. "நீங்க இங்கதானே இருக்கீங்க" என்று ஒவ்வொருவராக வந்து வைத்துவிட்டுப் போனார்கள்: ஏழு பை, மூன்று போன், ஒரு ஈரத் துண்டு. டீ குடிக்கக்கூட எழுந்து போக முடியவில்லை, நானும் பெரிய மனிதன் மாதிரி சிரித்துக்கொண்டே இருந்தேன். கிளம்புவதற்கு முந்தின ராத்திரியே பேசியிருக்க வேண்டும்: பைக்கு லாக்கர், எல்லோரும் எனக்காகக் காத்திருக்க வேண்டாம், ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை இந்த இடத்தில் கூட வேண்டும் என்று. பேசினால் கேட்கிறார்கள். இரண்டாம் நாள் வண்டியிலேயே உச்சி வரை போகிற தொட்டபெட்டாவுக்கு எல்லோருமாகப் போனோம், ஊட்டி ஏரியில் மிதி படகை அவர்கள் எடுத்துக்கொள்ள நான் மோட்டார் படகில் போனேன், ஏறும்போது படகுக்காரர் கை கொடுத்தார்.

மூன்றாம் நாள் தாவரவியல் பூங்கா. 1848-இல் தொடங்கிய தோட்டம், 22 ஹெக்டேர், மேலே போகப் போக ஏற்றம். அவர்கள் மேலே கிளம்பினார்கள், நான் கீழே புல்வெளி ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். லாக்கர் இல்லை, ஆகவே ஏழு பையும் மறுபடி என்னிடமே வந்தன. இந்த முறை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பெஞ்சில் சாய்ந்து படுத்து, பைகளின் உச்சியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு ஊட்டி வர்க்கியைப் பிரித்தேன்.